மைனஸ் நாலு நிமிஷம்

பனையூரணியில் ஒரு மனிதனின் குரல் அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே ஹெட்போனில் கேட்கத் தொடங்கியது ஓர் ஐப்பசி மாதச் செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு. அன்று இடி இல்லை, மழை இல்லை, வானத்தில் எந்த அடையாளமும் இல்லை. டயர் கடை மாடியில் இசக்கியம்மாள் நடத்தும் இசக்கி ஆடியோஸில் ஜவுளிக்கடைத் தீபாவளித் தள்ளுபடிக்கு விளம்பரம் பதிவாகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

குரல் கொடுத்தவர் சொரிமுத்து அண்ணாச்சி. தள்ளுபடி, காணாமல் போன ஆடு, குடிநீர் வராத நாள், இன்னார் காலமானார், இத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று ஆட்டோவில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் வழியாக முப்பது வருஷமாக எங்கள் ஊருக்குச் சேதி சொல்லிவந்த குரல் அது. குரல் வெண்கலம், குணமோ எதிலும் குற்றம் காணும் குணம். தன் கல்யாணப் பந்தியிலேயே ரசத்தில் உப்பில்லை என்று மாமனாரைக் கூப்பிட்டுச் சொன்ன ஆள்.

“ஏளா இசக்கி, என் சத்தம் எனக்கே பிந்தி வருது. நான் ‘வாங்க’ங்கும்போது காதுல இன்னும் ‘வணக்கம்’ங்கு. நாக்கு பெரளுது” என்றார் அண்ணாச்சி.

ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்றாளாம் என்று இசக்கியம்மாள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாளே தவிர, அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மைக்கில் பேசுவது முதலில் இன்டர்ஃபேஸ் பெட்டிக்குள் போய், அங்கிருந்து கம்ப்யூட்டருக்குள் போய், அது தன் வேலையெல்லாம் முடித்துத் திருப்பி அனுப்பிய பிறகுதான் பெட்டி வழியாகப் பேசியவர் காதுக்கு வரும், கலெக்டர் ஆபீசுக்குப் போன மனு திரும்பி வருவதுபோல. அவள், கம்ப்யூட்டர் சத்தத்தைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபர் அளவை இருநூற்று ஐம்பத்தாறிலிருந்து நூற்று இருபத்தெட்டுக்கும், அங்கிருந்து அறுபத்துநாலுக்கும் இறக்கினாள். முப்பத்திரண்டில் கடுகு பொரிவதுபோல் சத்தம் வந்தது. அதை விட்டுவிட்டு, பெட்டியோடு வந்த மிக்ஸர் சாஃப்ட்வேரைத் திறந்து, மைக்கின் சத்தம் கம்ப்யூட்டர் பக்கமே போகாமல் பெட்டிக்குள்ளேயே திரும்பி நேராக ஹெட்போனுக்கு வரும்படி வழிவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து வரும் இரண்டாவது சத்தத்தை அடைத்தாள்.

“இப்ப?”

“பரவால்ல. ஆனாலும் ஒரு மயிரிழ பிந்துது.”

பிந்த வழியே இல்லை. திரையில் தாமதம் காட்டும் கட்டத்தில் பூஜ்யம்தான் நின்றது. இசக்கிக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலில் மவுஸால் அந்தப் பூஜ்யத்தைப் பிடித்துக் கீழே இழுத்தாள், இழுபடக் கூடாத அது இழுபட்டது. மைனஸ் மூன்று, மைனஸ் ஆறு, மைனஸ் பன்னிரண்டு மில்லி செகண்ட்.

“ம், இப்பதான் சரியா இருக்கு” என்றார் அண்ணாச்சி. தன் குரல் காதில் முன்னால் போக, அதன் பின்னாலேயே வாயை ஓட்டி, முழு விளம்பரத்தையும் ஒரே டேக்கில் முடித்துவிட்டுக் காப்பியில் சீனி போதாது என்று சொல்லிக் குடித்துவிட்டுப் போனார். இசக்கி நோட்டை எடுத்து, ‘சொரிமுத்து அண்ணாச்சி, மைனஸ் 12’ என்று குறித்துவைத்தாள்.

இதில் யாரும் ஆச்சரியப்படவில்லையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். எங்கள் ஊருக்குப் பஸ் பிந்தி வரும், குடிநீர் பிந்தி வரும், அடிக்கல் நாட்டின பாலம் பதினாலு வருஷம் பிந்தி வந்தது. எல்லாம் பிந்தி வரும் ஊரில் ஒன்று முந்தி வந்தால் அதை யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

முதலில் பாட்டுக்காரர்கள் வந்தார்கள். கிறிஸ்துமஸ் கீதம் பதிய வந்த சர்ச் குழுவில் மேல் ஸ்தாயியில் எப்போதும் தடுமாறுகிற எஸ்தர் டீச்சருக்கு மைனஸ் ஒன்பதில் சுதி பிசகாமல் நின்றது, பேச்சுப் பதிய வந்த பஞ்சாயத்துத் தலைவருக்கு மட்டும் நாற்பது வரை இறங்க வேண்டியிருந்தது, நையாண்டி மேளக்காரர்கள் எங்களுக்கு எதுவும் வேண்டாம், நாங்கள் அடிப்பதே முன்னால்தான் என்று சொல்லிவிட்டார்கள். கண்ணாடிக்குப் பவர் கேட்பதுபோல உங்களுக்கு எத்தனை மைனஸ் என்று டீக்கடையில் கேட்டுக்கொண்டார்கள். பையனுக்கு அஞ்சுதான், நிதானமான பையன் என்று ஒரு மாப்பிள்ளை வீட்டில் பெருமையாகச் சொன்னதை என் காதால் கேட்டேன்.

அதன்பின் டீக்கடை அந்தோணி வந்தான். அவனுடைய பைக்கை இரவல் வாங்கிப்போன மச்சினன் கண்ணாடியை உடைத்துத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். போனில் அவனை நாலு வார்த்தை கேட்க வேண்டும், என்ன கேட்கப்போகிறேன் என்று முன்னாலேயே தெரிந்தால் தேவலை என்றான் அந்தோணி. இசக்கி அவனை மைக் முன்னால் உட்காரவைத்து மைனஸ் மூன்று செகண்டில் விட்டாள். மச்சினன் போனை எடுத்ததும், அந்தோணியின் காதில் அந்தோணியின் குரலே மச்சினனின் அம்மாவைப் பற்றி ஒன்று சொன்னது. மச்சினனின் அம்மா என்றால் அவன் பெண்டாட்டியின் அம்மாவும்தான். அந்தோணி வாயை இறுக மூடிக்கொண்டான். மூன்று செகண்ட் கழிந்தது. “நல்லாயிருக்கியா மாப்ள?” என்றான். அன்று ராத்திரி அவன் வீட்டில் சோறு கிடைத்தது.

அதிலிருந்து ஊரே கையில் போனோடு மாடி ஏறியது. சம்பந்தியிடம் பேச வேண்டியவர்கள், மேலதிகாரியிடம் லீவு கேட்க வேண்டியவர்கள், துபாயில் இருக்கிற புருஷனிடம் ஒன்றைச் சொல்லலாமா வேண்டாமா என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்தவள், எல்லோரும் பழைய டயர்களில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிலருக்கு மூன்று செகண்ட் போதும், சிலருக்கு முழுப் பேச்சும் முன்னால் கேட்க வேண்டும். இசக்கி இழுத்துப் பார்த்த அளவில் மைனஸ் நாலு நிமிஷம்தான் எல்லை, அதற்குக் கீழே அந்தக் கட்டம் இறங்க மறுத்தது. கேட்டுவிட்டு, சொல்லத் தகுந்ததைச் சொன்னார்கள், தகாததற்கு வாயை மூடிக்கொண்டார்கள். தை மாதத்துக்குள் ஊரில் சண்டை அற்றுப்போனது. போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் கறிவேப்பிலைச் செடி வளர்க்க ஆரம்பித்தார். குழாயடிச் சண்டை பார்க்க மாடியில் வந்து நின்ற பழக்கமுள்ள நாங்கள், இனி என்ன இருக்கிறது என்று உள்ளே போய்ப் பல் தேய்த்தோம்.

சொல்லாமல் விட்ட வார்த்தையெல்லாம் எங்கே போகிறது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. இசக்கிக்கு மட்டும் தெரிந்தது. பெட்டியில் மைக் சொருக எட்டு ஓட்டை உண்டு, எட்டாவதில் எதையும் சொருகுவதில்லை. ஆனால் திரையில் எட்டாம் சேனலின் பச்சை விளக்கு, யாராவது வாயை மூடும்போதெல்லாம் துள்ளி ஏறி இறங்கியது. வயரை மாற்றினாள், சாஃப்ட்வேரை அழித்துத் திரும்பப் போட்டாள், பச்சை போகவில்லை. கடைசியில் அந்தச் சேனலின் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரை அடிமட்டத்துக்கு இறக்கி அடைத்துவிட்டு, பெயர் எழுதும் இடத்தில் ‘சும்மா’ என்று எழுதினாள். அதைத் திறந்து கேட்க அவளுக்கு ஆசை வரவில்லை. அதில் அவளுடையதும் இருந்தது. தினமும் காலையில் மைக் சோதனைக்கு உட்கார்ந்து “ஒன், டூ” என்பாள், த்ரீ வருவதற்குள் ஹெட்போனில் அவளுடைய குரல், ‘அன்னைக்கு போன்…’ என்று தொடங்கும். அவள் வாயை மூடிக்கொள்வாள். எட்டாம் சேனலில் பச்சை ஏறும்.

அன்னைக்கு என்றால் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாதம். இசக்கியின் அம்மா திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், பதினோரு நாளாக மூத்தவள் முப்புடாதி கூட இருந்தாள். அன்று காலை பத்து மணிக்கு டாக்டர், பார்க்க வேண்டியவர்களை வரச்சொல்லுங்கள் என்றார். பன்னிரண்டு பத்துக்கு அம்மா போனாள். ஊருக்குச் சேதி வந்த பிறகு இசக்கி போய்ச் சேரும்போது மணி மூன்று. பிணத்தை வீட்டில் கிடத்தியிருக்கையில், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் முப்புடாதி, “ஒம்போது தடவ அடிச்சேன், ஏன்ளா எடுக்கல?” என்று கேட்டாள். “ஒரு தடவ கூட வரல. அடிச்சிருந்தா நான் வந்திருக்க மாட்டேனா?” என்று இசக்கி போனை எடுத்து நீட்டினாள். போன் கைமாறிக் கைமாறிப் போனது, அதில் அக்காவின் பெயரே இல்லை. எங்கள் கண்ணாலேயே பார்த்தோம். முப்புடாதியின் போனோ ஆஸ்பத்திரி அலைச்சலில் தொலைந்துபோயிருந்தது.

அன்றிலிருந்து முப்புடாதி பெற்ற தாயின் பிணத்துக்கு முன்னால் பொய் சொன்னவள். அவள் இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறாள், இப்பதான் கறந்தேன் என்று அவள் சொன்னாலும் மோந்து பார்த்துத்தான் வாங்குவோம். மோந்து பார்க்காதவர் ஊரில் யாரும் இல்லை, நானும் பார்த்தவன்தான். அக்காளும் தங்கையும் அடுத்தடுத்த தெருவில் இருந்துகொண்டு ஆறு வருஷம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது முப்புடாதியின் மகள் கோமதிக்கு வைகாசி பன்னிரண்டில் கல்யாணம். சின்ன வயதில் கோமதி பாதிநாள் தூங்கியது இசக்கியின் மடியில், மைக் ஸ்டாண்டைப் பிடித்து நடை பழகியவள். சித்தி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனால்தான் மணவறைக்கு வருவேன் என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் பத்திரிகை என்பது வெறும் காகிதம், ரத்த சொந்தத்தை வாசலில் நின்று வாயால் அழைக்க வேண்டும். பத்திரிகை சொரிமுத்து அண்ணாச்சி கையில் வந்தது. “வாயால கூப்பிடாத வீட்டுக்கு எப்பிடிப் போக?” என்றாள் இசக்கி. “பொய்க்காரின்னு பேரு வாங்கிக்குடுத்தவள எந்த வாயால கூப்பிட?” என்றாள் முப்புடாதி. இரண்டையும் சுமந்து நடந்ததில் செருப்பு தேய்ந்துவிட்டது என்று அண்ணாச்சி ஊரெல்லாம் குறைப்பட்டுக்கொண்டார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில், இசக்கி சந்தைக்குப் போகும் நேரம் பார்த்து, தன்னிடம் இருந்த சாவியால் அண்ணாச்சி கதவைத் திறந்துவிட, முப்புடாதி மாடி ஏறினாள். இது இசக்கியைத் தவிர ஊர் முழுக்கத் தெரியும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு தங்கையின் நம்பரைப் போடப் போவாள், விரல் படுவதற்குள் காதில் அவளுடைய குரலே, ‘பொய்க்காரி’ என்று தொடங்கும். கழற்றிவைத்துவிட்டு இறங்கிவிடுவாள். ஐந்து ஞாயிறு இப்படிப் போனது.

சித்திரைக் கடைசிச் செவ்வாய் உச்சினிமாகாளி கோயில் கொடை, அதாவது எங்கள் ஊர்த் திருவிழா. வருஷா வருஷம் இசக்கிதான் கொடைக்கு ஒலி அமைப்பு. பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வேப்பமரத்தடி மேடையில் வைத்தாள், ஊர் முழுக்க முப்பத்தாறு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. மதியக் கொடை நேரம், அவசரம். மிக்ஸர் சாஃப்ட்வேரில் போன வருஷம் ‘கொடை’ என்று பெயர் போட்டுச் சேமித்துவைத்த அமைப்பை ஒரே அழுத்தில் கொண்டுவந்தாள். போன வருஷம் எட்டாம் சேனலில் நாதஸ்வரம் இருந்தது. அதன் ஃபேடர் முக்கால் உயரத்தில் திறந்துகொண்டது, இந்த வருஷம் நாதஸ்வரத்தை ஐந்தில் சொருகியிருந்தாள். ஹெட்போன் வழியோ, முந்தின நாள் போன்காரர்களுக்கு இறக்கியபடியே மைனஸ் நாலு நிமிஷத்தில் கிடந்தது.

அவள் ஹெட்போனை மாட்டியபோது குழாய்களில் சொரிமுத்து அண்ணாச்சி, அன்னதானப் பந்தியில் குழந்தைகள் இலையை மிதிக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஹெட்போனிலோ டீக்கடை அந்தோணி மச்சினனின் அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தான். அடுத்து மேலத்தெரு பகவதி தன் மருமகளின் குழம்பை நாய் தின்னுமா என்று கேட்டாள். இசக்கிக்கு விளங்கிவிட்டது. காதில் கேட்பதெல்லாம் இன்னும் நாலு நிமிஷத்தில் முப்பத்தாறு குழாயிலும் வரும். கை எட்டாம் ஃபேடருக்குப் போனது. அதைத் தொட்டபோதுதான் அவளுக்கு இன்னொன்றும் கேட்டது. வாயை மூடியவர்கள் எல்லோரும் முதல் வரியை மட்டும் கேட்டுப் பயந்து நிறுத்தியிருந்தார்கள், சேனலோ மிச்சத்தையும் வைத்திருந்தது. “நாய் தின்னுமா இத? காலையிலேர்ந்து நீயும் ஒண்ணும் தின்னாம அடுப்படியிலயே நிக்க, மூஞ்சியப் பாரு, உக்காரு, நான் ஊத்துதேன்” என்றாள் பகவதி.

அதன் பின்னால் அக்காவின் குரல் வந்தது.

“பொய்க்காரி. நாடறிய என்னப் பொய்க்காரி ஆக்குன பொய்க்காரி. ஒம்போது தடவ அடிச்சேன்ளா. அம்மை ‘இசக்கி எங்க, இசக்கி எங்க’ன்னு கேட்டுக்கிட்டே கெடந்தா. ‘பஸ்ல வந்துக்கிட்டிருக்காம்மா, மானூர் தாண்டிட்டாளாம்’னு சொன்னேன். அதக் கேட்டுட்டுத்தான் கண்ண மூடுனா. நான் சொன்ன பொய் அது ஒண்ணுதான்.”

அடுத்து வந்தது இசக்கியின் குரல், ‘அன்னைக்கு போன்’ என்று தொடங்கி, ஆறு மாதமாக அவள் நிறுத்திய இடத்தில் நிற்காமல், முழுதாக வந்தது.

ஃபேடரை இறக்கினால் போதும். ஒருவருக்கும் தெரியாது, கல்யாணத்துக்கும் வேறு ஏதாவது சமாதானம் பேசிக்கொள்ளலாம். அக்கா மட்டும் பொய்க்காரியாகவே இருப்பாள், அவள் ஊற்றும் பாலை நாங்கள் மோந்து பார்ப்போம். இசக்கி கையை எடுத்தாள். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். பெண்கள் பொங்கல் வைக்கிற இடம் கோயிலுக்குத் தென்பக்கம், நடுவில் பந்தி, மேளம், ஆடு, ஐஸ் வண்டி, ஊர். குழாய் சொல்வதற்கு முன்னால் அங்கே போய்ச் சேர அவளுக்கு இருந்தது நாலு நிமிஷம்.

அவள் பந்தியைக் கடக்கும்போது குழாய்களில் அந்தோணியின் குரல் வெடித்தது. ஊர் கையில் சோற்றோடு அண்ணாந்து பார்த்தது. பகவதியின் குரல் வந்தபோது மருமகள் சாம்பார் வாளியோடு நின்றுவிட்டாள், அது முடிந்தபோது பகவதி வேறு எங்கோ பார்த்தபடி, “உக்காருன்னுதான சொல்லுது, உக்காரேன்” என்றாள். மேளக்காரர்கள் இதற்கெல்லாம் நிறுத்துவதா என்று அடித்துக்கொண்டே இருந்தார்கள். இசக்கி யார் காலையோ மிதித்தாள், யாருடைய இலையையோ தாண்டினாள்.

முப்புடாதி புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பொங்கலைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

“யக்கா” என்றாள் இசக்கி, ஆறு வருஷத்துக்குப் பிறகு. சுற்றியிருந்த பெண்கள் திரும்பினார்கள். “அன்னைக்கு நீ அடிச்ச. ஒம்போது தடவ. மேசையில போன்ல வெளிச்சம் வந்துச்சு, அக்கான்னு பேரு தெரிஞ்சுது. டேக் முடியட்டும்னு கவுத்தி வச்சேன். மறுபடி வந்துச்சு, இன்னும் ஒரு டேக்குன்னு வச்சேன். ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு ஒம்போதையும் நாந்தான் அழிச்சேன். நீ பொய் சொல்லல. நாந்தான்.”

முப்புடாதியின் கை கரண்டியோடு நின்றது. மேலே குழாயில் அவளுடைய குரல் தொடங்கியது, பொய்க்காரி என்ற சொல்லுக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குமேல் தான் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளே கேட்டதில்லை. மானூர் தாண்டிட்டாளாம் என்று குழாய் சொன்னபோது அவளுக்கு அழுகை வந்தது. இசக்கியும் நின்ற இடத்திலேயே அழுதாள்.

பிறகு இசக்கியின் குரல் முப்பத்தாறு குழாயிலும் வந்தது. அன்னைக்கு போன் அடிச்சுது என்று அது தொடங்கியதும் பெண்கள் எல்லோரும் அண்ணாந்து குழாயைப் பார்த்தார்கள்.

“அங்க என்னத்தப் பாக்கிய?” என்றாள் முப்புடாதி. “அவ எங்கிட்ட அப்பமே சொல்லிட்டா. அது பிந்தி வருது.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தங்கை பக்கம் திரும்பினாள். “குழாய்ல சொன்னதெல்லாம் சேத்தி இல்ல. வாயால கூப்பிடுதேன். வைகாசி பன்னெண்டு, கோமதிக்குக் கல்யாணம். வந்திரு.”

தான் என்ன சொல்லப்போகிறாள் என்று முன்னால் சொல்ல இசக்கியின் காதில் அப்போது எதுவும் இல்லை. “வாரேன்க்கா” என்றாள்.

அன்று பொங்கல் அடிப்பிடித்துவிட்டது, அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை முப்புடாதியிடம் மோந்து பார்க்காமல் பால் வாங்கினோம். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தோணிக்கு மட்டும் மூன்று நாள் வீட்டில் சோறில்லை.

எட்டாம் சேனலில் அதன்பின் பச்சை ஏறவில்லை, தாமதக் கட்டமும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்க மறுத்துவிட்டது. குழாயடியில் சண்டை தொடங்கிவிட்டது, நாங்களும் காலையில் மாடிக்கு வந்துவிட்டோம். கல்யாணம் முடிந்த வாரம், ஆடித் தள்ளுபடிக்கு இப்போதே விளம்பரம் வேண்டும் என்று ஜவுளிக்கடைக்காரர் சொல்ல, சொரிமுத்து அண்ணாச்சி மாடி ஏறி, ஒரு மயிரிழை பிந்துகிறது என்று பதினேழு டேக் எடுத்தார். பதினெட்டாவது டேக், எங்கும் பிசகாமல் கடை முகவரி வரை வந்துவிட்டது. மேசையில் நிமிர்த்திவைத்திருந்த போனில் வெளிச்சம் வந்தது.

இசக்கி ரெக்கார்டிங்கை நிறுத்தினாள்.

“ஏளா, இன்னும் ரெண்டே வார்த்த!” என்று கத்தினார் அண்ணாச்சி.

“அக்கா கூப்பிடுதா” என்று சொல்லி, ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தாள்.